யூதாஸ் நாற்காலி

திருநீற்றுப் புதனன்று காலை, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோவிலிலிருந்து திரும்பிய அடைக்கலராஜ், செருப்பை வாசலில் விடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாதா பீடத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்தார். இனி ஈஸ்டர் வரைக்கும் அவருக்கு வெறுங்கால்தான்.

“ஆரம்பிச்சாச்சா?” என்றாள் அவர் மனைவி லூர்துராணி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. “சர்க்கரைக்காரன் வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு போன வருஷமே டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.”

“டாக்டருக்கா நேர்ந்துக்கிட்டேன்? மாதாவுக்குல்ல நேர்ந்துக்கிட்டேன்.”

“ஆண்டவரே செருப்புப் போட்டுத்தான் நடந்தாரு. படத்துல நல்லாப் பாருங்க.”

அடைக்கலராஜ் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார். காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் வாட்ச்மேன். மண்டபத்து முற்றம் முழுக்க சிமெண்டுத் தளம். மாசி மாதக் கடைசியிலேயே பகலில் தோசைக்கல்லாகக் காயும். அந்தச் சூடு அவருக்குத் தெரிவதில்லை. பல வருடத்துச் சர்க்கரை நோய், பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. முள் குத்தினாலும் தெரியாது, கண்ணாடி கிழித்தாலும் தெரியாது. வலிக்காமல் இருப்பதை ஆண்டவரின் கருணை என்றே அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். ஐயோ, அதுவா கருணை!

நேர்ச்சை மகள் ஜெஸ்லினுக்காக. அவள் காலேஜில் சேர்ந்த அன்று, படித்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு தவக்காலமும் செருப்பில்லாமல் நடப்பதாக மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தார். இப்போது அவள் எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருடம். ஆக, நேர்ச்சைக்கும் இதுதான் கடைசி வருடம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை ஜெஸ்லின். அவள் பெயரைச் சொல்லும்போதே அப்பாவின் குரல் ஒரு படி ஏறிவிடும்.

ஜெஸ்லின் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

*

சனிக்கிழமைதோறும் ஜெஸ்லின் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போவாள். அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முதியோர் இல்லம். காலேஜ் பாடத்தில் அதற்கு ஃபீல்டு ஒர்க் என்று பெயர். ஜெஸ்லினுக்கு அது ஜெபம். அங்கே அவள் செய்தது ஒரே வேலை. வயதானவர்களின் கால்களைக் கழுவித் துடைத்து, மருந்து போடுவாள்.

இல்லத்தைக் கவனித்துக்கொண்ட மைத்ரேயி மேடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “வெந்நீர் சூட்டை முழங்கையால பாரு. விரல் இடுக்கை ஒவ்வொண்ணா விரிச்சுப் பாரு. அடிப்பாதம் தெரியலேன்னா கைக்கண்ணாடியைக் கீழ பிடி. புண் வலிக்குதுன்னு சொன்னா நிம்மதி. வலிக்கலேன்னு சொன்னா ஓடிவந்து என்னைக் கூப்பிடு.”

ஜெஸ்லின் அதையெல்லாம் வேதம்போல் பிடித்துக்கொண்டாள்.

அவளிடம் முதலில் காலை நீட்டுகிறவர் கோதைநாயகி மாமி. தெற்கு உத்தர வீதியில் பெரிய வீட்டில் வாழ்ந்தவர். பிள்ளை வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போனபோது மாமியை இங்கே விட்டுவிட்டுப் போனான். மாமியின் நாக்கு மட்டும் இன்னும் அந்தப் பெரிய வீட்டிலேயே இருந்தது.

“வாடீம்மா கிறிஸ்துவச்சி. ஒன் கையால தீர்த்தம் வாங்கிக்க மாட்டேன். கால் அலம்பிக்கறதுல தோஷமில்லே. அலம்பு.”

“சரி மாமி.”

“எங்காத்துல ஆசார்யன் எழுந்தருளினா அவர் ஸ்ரீபாதத்தை அலம்பி, அந்தத் தீர்த்தத்தை ஆளுக்கு ஒரு உத்தரணி வாங்கிப்போம். கோயிலுக்குப் போனா சடாரி. பெருமாளோட திருவடியே நம்ம தலைமேல வந்து ஒக்காந்துக்கும். அதெல்லாம் ஒனக்கு எங்கே தெரியப் போறது?”

“எங்க கோவில்லயும் கால் கழுவுவாங்க மாமி. ஆண்டவர் தன்னோட சீடர்கள் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினாரு. அதை நினைச்சு ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவி முத்தம் குடுப்பாரு.”

மாமி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். “எந்தக் காலை? ஆத்துலேயே சோப்புப் போட்டு அலம்பிண்டு வந்த காலையா, அழுக்குக் காலையா?”

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது உண்மை. அவர்கள் கோவில் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் அன்று சாயங்காலம் குளித்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

“இன்னொண்ணு கேக்கறேன்” என்றார் மாமி. “வாராவாரம் காட்டூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து என் காலைப் பிடிச்சுண்டு ஒக்காந்துக்கறே. ஏண்டி, ஒங்காத்துல யாருக்கும் காலே கெடையாதா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஜெஸ்லினும் சிரித்தாள். மாமி கேட்ட முதல் கேள்வி மட்டும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. நல்ல கேள்வி, எங்கேயாவது பயன்படும் என்று நினைத்தாள். இரண்டாவது கேள்வியை அவள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

*

மாமியின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜெஸ்லின் குனிந்திருக்கும் படம் ஒன்றை அவள் தோழி பெலிண்டா எடுத்துப் பங்கு வாட்ஸாப் குழுவில் போட்டாள். மளமளவென்று கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், பங்குப் பேரவைச் செயலாளர் ஜோஸ் அவளைக் கூப்பிட்டார். பாத்திரக்கடை முதலாளி. கோவிலில் எந்த நாற்காலி எங்கே கிடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்.

“பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவறப்ப மைக்குல சிந்தனை வாசிக்கணும். நீதான் வாசிக்கறே. நீயே எழுது. யூட்யூப்ல லைவ் போகும், பாத்துக்க.”

“சரிங்க அங்கிள்.”

“அப்புறம், ஒங்கப்பா ரொம்ப வருஷமா பன்னிரண்டு பேர்ல உட்காரணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்தத் தடவை ஒரு இடம் காலியா இருக்கு. கடைசி நாற்காலிதான்.” ஜோஸ் சிரித்தார். “பரவாயில்லையான்னு கேளு.”

அந்தப் பங்கில் கடைசி நாற்காலியில் உட்கார யாரும் வர மாட்டார்கள். பன்னிரண்டாவது சீடன் யூதாஸ். முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன். அதில் உட்கார்ந்தவரை ஒரு வருடம் முழுக்கப் பிள்ளைகள் ‘யூதாசு, யூதாசு’ என்று கூப்பிட்டுத் தொலைப்பார்கள். ரிட்டயர்டான தலைமையாசிரியரும் பேங்க் மேனேஜரும் பேதுரு நாற்காலிக்கும் யோவான் நாற்காலிக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளையும் வருடந்தோறும் துடைத்து வெள்ளைத் துணி போர்த்துகிறவர் அடைக்கலராஜ்தான். துடைத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொள்வார்.

செய்தியைச் சொன்னதும் அவர் கண் நிறைந்துவிட்டது.

“யூதாஸா இருந்தா என்னம்மா? அவன் காலையும் ஆண்டவரு கழுவத்தானே செஞ்சாரு. முத்தமும் குடுத்திருப்பாரு. எனக்கு அது போதும்.”

“ரொம்பப் பொருத்தம்” என்றாள் லூர்துராணி. “முப்பது வெள்ளிக்காசு குடுத்தாங்கன்னா வாங்கிட்டு வாங்க, வீட்டு வாடகைக்கு ஆகும்.”

அன்றிரவு புருஷன் தூங்கிய பிறகு லூர்துராணி மகளிடம் மெல்லச் சொன்னாள். “ஜெஸ்லின், அப்பா பக்கத்துல ஒரு மாதிரி வாடை வருது. கேட்டா கல் குத்திடுச்சு, சின்னக் கீறல்ங்கறாரு. துணியச் சுத்தி மறைச்சுக்கறாரு. எங்கிட்ட காட்ட மாட்டேங்கறாரு. நீ படிச்ச பிள்ளை, நீ கேட்டா காட்டுவாரு. ஊர் காலெல்லாம் பாக்கறியே, ஒரு தடவ அப்பா காலப் பாரேன்.”

“பாக்கறேம்மா.”

“எப்ப?”

“இந்த சிந்தனைய எழுதி முடிச்சுட்டு.”

எழுதினாள். அடித்தாள், திருப்பி எழுதினாள். ‘ஸ்ரீரங்கத்தில் ஆண்டவனின் பாதம் மனிதனின் தலைக்கு வருகிறது. இன்று இங்கே ஆண்டவரின் தலை மனிதனின் பாதத்துக்குக் குனிகிறது’ என்ற வரி வந்தபோது அவளுக்கே மெய்சிலிர்த்தது. மாமியின் கேள்வியையும் சேர்த்தாள். கடைசியில், ‘என் தந்தையும் இன்று இந்தப் பன்னிருவரில் ஒருவர்’ என்று முடித்தாள். எழுதுகிற இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் அப்பாவின் கட்டில். அந்த இரண்டு எட்டு வைக்க அந்தப் பெண்ணுக்கு நேரமில்லாமல் போனது.

*

புனித வாரத்துப் புதன்கிழமை சாயங்காலம் லூர்துராணி பொறுக்க மாட்டாமல் மகளின் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலுக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

“அவுருங்க.”

“விடேன் ராணி, நாளைக்கு ஒரு நாள்...”

“அவுருங்கன்னா!”

வலது காலில் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியை ஜெஸ்லின் அவிழ்த்தாள். கடைசிச் சுற்றில் துணி தோலோடு ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கரியாகக் கறுத்திருந்தன. அடிப்பாதத்தில் விரல் நுழையும் அளவு குழி. கறுப்பு விரலைச் சுற்றி ஒரு சிவப்பு, கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“வலிக்குதாப்பா?”

“இல்லம்மா. துளிகூட வலிக்கல” என்றார் அவர் பெருமையாக.

வலிக்கலேன்னு சொன்னா ஓடிவந்து என்னைக் கூப்பிடு. மைத்ரேயி மேடத்தின் குரல் அவள் காதில் கேட்டது. இந்தக் கால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கால். ஸ்ரீரங்கத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்படி இருந்தால் அவளே ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பாள்.

“நாளைக்கு ஒரே ஒரு நாள்மா” என்றார் அப்பா. அவர் குரல் கெஞ்சியது. “வெள்ளிக்கிழமை விடியட்டும். நீ எங்க கூப்பிட்டாலும் வரேன். இந்த நாற்காலி இனிமே எனக்குக் கிடைக்காது.”

ஜெஸ்லின் அந்தக் காலைப் பார்த்தாள். அலமாரி மேலிருந்த சிந்தனைத் தாளைப் பார்த்தாள். அப்பா உட்காராவிட்டால் கடைசி வரியை அடிக்க வேண்டும். லைவ் பார்க்கச் சொல்லி பேராசிரியைக்கு லிங்க் அனுப்பியாகிவிட்டது. இத்தனையும் அந்த ஒரு நொடியில் அவள் மனதில் ஓடியது. ஆனால் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது வேறு. பாவம் அப்பா, அவர் ஆசை.

“சின்னப் புண்தாம்மா. நான் சுத்தமா கட்டு போட்டுடறேன். வெள்ளிக்கிழமை காலையில போயிடலாம்.”

“நெஜமா சொல்றியாடி?” என்றாள் லூர்துராணி.

“நான்தான் பாத்துட்டேன்ல?”

படித்த பிள்ளை சொல்லிவிட்டது. தாய் நம்பினாள். பாவி, பெற்ற மகளை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

ஜெஸ்லின் புண்ணைத் துடைத்து, வெள்ளைக் கட்டு போட்டு, கட்டின் மேல் சென்ட் அடித்தாள். புது வெள்ளை சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டாள். “எல்லாரும் வலது காலைத்தான் நீட்டுவாங்க. நீங்க மட்டும் இடது காலை நீட்டுங்கப்பா. ஜோஸ் அங்கிள்கிட்ட நான் சொல்லிடறேன்.”

அவள் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பாரே.

*

பெரிய வியாழன் மாலை. கோவில் நிரம்பி வாசல் வரைக்கும் கூட்டம். பீடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய பன்னிரண்டு நாற்காலிகள். வெள்ளை வேட்டி சட்டையில் அடைக்கலராஜ் கடைசியில் உட்கார்ந்திருந்தார். இந்த வருடம் நாற்காலிகளைத் துடைத்தது வேறு யாரோ. பின்வரிசைப் பையன்கள் ‘யூதாசு’ என்று கிசுகிசுத்தது அவருக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்து அவர்களுக்கு ஒரு சிரிப்பு.

முன்வரிசைப் பெண்களில் பலர் மடியில் சின்ன பாட்டில் வைத்திருந்தார்கள். கழுவிய தண்ணீரைக் கொஞ்சம் வாங்கிப்போய் முழங்கால் வலிக்குத் தடவுவது அந்தப் பங்கில் வழக்கம்.

இளம் பங்குச் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். பின்னாலேயே ஜோஸ், பித்தளைத் தாம்பாளமும் செம்புமாக. சாமியார் தண்ணீர் வார்த்தார், துடைத்தார், முத்தமிட்டார், அடுத்தவருக்கு நகர்ந்தார். மைக்கில் ஜெஸ்லினின் குரல் நதிபோல் போய்க்கொண்டிருந்தது.

சாமியார் கடைசி நாற்காலிக்கு வந்தார். அடைக்கலராஜ் இடது காலை நீட்டினார்.

“அடைக்கலம், வலது காலு” என்றார் ஜோஸ் அடிக்குரலில்.

அவர் மகளைப் பார்த்தார். ஜெஸ்லின் தாளைப் பார்த்தாள்.

“கேமரா ஓடுதுய்யா. வலது கால நீட்டு!”

அவர் கோவிலில் யார் சொன்னதையும் மீறிப் பழகாதவர். சாக்ஸைக் கழற்றினார். “இது என்ன கட்டு?” என்று முணுமுணுத்தபடி ஜோஸ் கட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். ஒட்டியிருந்தது பிய்ந்துகொண்டு வந்தது. அடைக்கலராஜுக்கு எதுவும் தெரியவில்லை. ஆண்டவர் தன் முன்னால் மண்டியிட்டிருக்கிறார் என்ற நினைப்பில் கண்ணை இறுக மூடி, கைகூப்பி, தலையைக் குனிந்துகொண்டார்.

சாம்பிராணி வாசனையையும் மல்லிகை வாசனையையும் கிழித்துக்கொண்டு அந்த நாற்றம் கிளம்பியது. பதினோராவது நாற்காலிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். பாடகர் குழுவில் ஒரு குரல் அறுந்தது. சாமியாரின் கை அந்தரத்தில் நின்றது.

“தண்ணிய மட்டும் மேலேர்ந்து ஊத்திட்டு எந்திரிங்க சாமி” என்றார் ஜோஸ், சாமியாரின் காதோடு.

சாமியார் மேலேயிருந்து ஊற்றினார். தொடவில்லை. துடைக்கவில்லை. முத்தமிடவில்லை. எழுந்து பீடத்துக்குப் போய்விட்டார்.

மைக்குக்கு முன்னால் ஜெஸ்லின். அவள் ஓடிப்போய் அந்தக் காலைத் தன் தாவணியால் துடைத்திருக்கலாம். பத்தே எட்டு. கேமரா அவள் பக்கம் திரும்பியது. அவள் வாசித்தாள். “ஆண்டவர் எந்தக் காலைக் கழுவினார்? அலம்பி வந்த காலையா, அழுக்குக் காலையா?” குரல்கூட நடுங்கவில்லை. ஒரே ஒரு வரியைத்தான் விட்டாள். ‘என் தந்தையும் இன்று இந்தப் பன்னிருவரில் ஒருவர்.’

அடைக்கலராஜ் மூடிய கண்ணைத் திறக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். முத்தத்துக்காகக் காத்திருந்தாரா, கிடைத்துவிட்டது என்று நினைத்தாரா, யாருக்குத் தெரியும்? உணர்ச்சி செத்த காலுக்கு முத்தம் விழுந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அன்று யாரும் பாட்டிலை நீட்டவில்லை. தண்ணீரைக் கோவிலுக்குப் பின்னால் சாக்கடையில் கொட்டினார்கள்.

*

பெரிய வெள்ளி காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். காய்ச்சலில் அடைக்கலராஜின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

“இது எத்தனை நாளா இருக்கு? வீட்டுல ஒருத்தரும் பாக்கலையா?”

“எம்பொண்ணு பாத்துச்சுங்க” என்றாள் லூர்துராணி. “அது ஸ்ரீரங்கத்துல கால் பாக்கறதுக்குத்தாங்க போவுது. நல்லாப் பாக்கும்.”

அதைக் கேலியாகச் சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா என்று இன்றுவரை ஜெஸ்லினுக்குத் தெரியாது.

“முன்னாடியே வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும். விஷம் மேல ஏறிடுச்சு. இப்ப முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உயிர்.”

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் அப்பா மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். “ஜெஸ்லின், ஒண்ணு கேக்கணும். நேத்து நான் கண்ண மூடிக்கிட்டேன். எனக்கு அங்க ஒண்ணும் தெரியாதுல்ல. சாமி முத்தம் குடுத்தாருல்லம்மா?”

அவள் போர்வையை இழுத்து அவர் மார்பு வரைக்கும் மூடினாள்.

“குடுத்தாருப்பா.”

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குக் கண் கூசியது. “அப்ப போகட்டும். அந்தக் காலைக் குப்பையில மட்டும் போட விட்டுறாத. நம்ம கல்லறைத் தோட்டத்துல, மந்திரிச்ச மண்ணுல வை. கடைசி நாள்ல உயிர்த்தெழும்பறப்ப நான் போயி எடுத்துக்கறேன். முத்தம் வாங்கின காலுல்ல?”

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி ஊழியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாய் கட்டிய ஒரு மஞ்சள் பையை ஜெஸ்லினிடம் கொடுத்தார். அப்பாவின் கால் இவ்வளவு கனமா! பக்கத்து வீட்டு முஜிபுர் ரஹ்மான் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் காட்டூர் வந்து சேர்ந்தாள். முஜிபுர் ஆட்டோ வாடகை வாங்கவில்லை.

கோவிலில் ஈஸ்டர் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. ஜோஸ் ஏணிக்குக் கீழே நின்றார்.

“கல்லறையில ஆளுக்குத்தான் இடம், காலுக்கெல்லாம் கிடையாது. இன்னிக்கு ஒருத்தர் காலக் கொண்டு வருவாரு, நாளைக்கு ஒருத்தர் பல்லக் கொண்டு வருவாரு. நாத்தம் கோவில விட்டு இன்னும் போகல, தெரியுமா? வீடியோவ நாடு பூரா பாத்துட்டுச் சிரிக்குது.”

“எங்க தாத்தா குழி இருக்குங்க அங்கிள். அதோட ஓரத்துல.”

“இப்ப ஆள் யாரும் வர முடியாது. வேணும்னா நீயே தோண்டிக்க.”

அவளே தோண்டினாள். கல்லறைத் தோட்டத்து முருங்கை நிழலில் மண்வெட்டி கையைக் கிழித்தது. குழி முழங்கால் ஆழம் வந்ததும், குழாயடிக்குப் போய்ப் பையைப் பிரித்தாள். தண்ணீர் வெயிலில் கொதித்துக் கிடந்தது. பழக்கதோஷம், முழங்கையால் சூடு பார்த்தாள். அது அவளுக்கே உறைத்தபோது வாய்விட்டுக் கதறினாள். அப்புறம் அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவினாள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்தாள். கறுத்துப்போன சுண்டுவிரலில் உதட்டைப் பதித்தாள். அந்த முத்தத்தை வாங்கிக்கொள்ள அங்கே அப்பா இல்லை.

*

ஈஸ்டர் வந்தது, போனது. அப்பா வீட்டுக்கு வந்தார். மாதா பீடத்துக்குக் கீழே இரண்டு செருப்பும் அப்படியே கிடந்தன. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜெஸ்லின் ஸ்ரீரங்கம் போனாள். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனாள்.

“எங்கேடி காணாமப் போயிட்டே?” என்று மாமி காலை நீட்டினார். “நகமெல்லாம் வளந்து கெடக்கு.”

“அப்பாவுக்குக் காலை எடுத்துட்டாங்க மாமி. சர்க்கரைப் புண்ணு.”

“ஐயய்யோ! எப்போ பாத்தே நீ அந்தப் புண்ணை?”

ஜெஸ்லின் குனிந்து நகவெட்டியை எடுத்தாள். மாமி அவள் முகத்தையே பார்த்தார். யாருக்கும் வேண்டாத தாயாகக் கிடந்து அனுபவப்பட்ட கண்கள் அவை. நீட்டிய காலை மெல்ல இழுத்துப் புடவைக்குள் மூடிக்கொண்டார்.

“என் புள்ளையும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் உபகாரி. கெளம்பு. இந்தக் காலை நானே பாத்துக்கறேன். ஒங்காத்துல இன்னும் ஒரு கால் பாக்கி இருக்கு, போய் அதையாவது பாரு.”

அவள் எழுந்தாள். பாலத்தில் பஸ் போகும்போது முடிவு செய்துகொண்டாள். இனி தினமும் அப்பாவின் இடது காலை அவள்தான் கழுவ வேண்டும். வெந்நீர், மென்மையான துண்டு, கைக்கண்ணாடி. எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். அழுது சொல்லிவிட வேண்டும்.

வீட்டுச் சந்தில் திரும்பியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல்.

“அலம்பி வந்த காலையா, அழுக்குக் காலையா?”

அடைக்கலராஜ் கட்டிலில் சாய்ந்து லூர்துராணியின் போனைக் கையில் பிடித்திருந்தார். தன் பாதத்துக்கு முத்தம் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவரேதான் கேட்டாராம். லூர்துராணி தையல் மெஷினுக்கு முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டார். தண்ணீர் மேலேயிருந்து விழுந்தது. வெள்ளை அங்கி எழுந்து போனது. கண்ணை மூடிக் கைகூப்பிய ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பெண் தெளிவாக வாசித்துக்கொண்டிருந்தாள். படத்தை மீண்டும் பின்னுக்குத் தள்ளினார்.

ஜெஸ்லின் நேரே அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் சுட வைத்தாள். வாளியில் ஊற்றி முழங்கையால் சூடு பார்த்தாள். தோளில் துண்டோடு வந்து கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“அப்பா, காலைக் குடுங்க.”

அடைக்கலராஜ் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். மகளை ஏசவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இருந்த ஒரே காலை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார். திருடன் வந்தால் பெட்டியை அணைத்துக்கொள்வோமே, அதுபோல.

“வேணாம்மா” என்றார் பயந்த குரலில். “இது நல்லாத்தான் இருக்கு. இதை நீ பாக்க வேணாம்.”

வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. லூர்துராணி எழுந்து வந்தாள். மகளைத் தாண்டி நடந்துபோய், மாதா பீடத்துக்குக் கீழே கிடந்த இடது செருப்பை எடுத்துத் தூசி தட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். வலது செருப்பையும் எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, அதை ஜெஸ்லினின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.